அடிமூட்டைக் காய்

மகனே,

உன் கடிதம் வந்தது. மேற்கு அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறாய். நான் செய்யவில்லை. செய்யப் போவதும் இல்லை. உன் தங்கை வசந்தா அந்தக் கடிதத்தை அணக்கரைக் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து, வாசலிலேயே நின்று சத்தமாகப் படித்தாள். படிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணன் வர்றாராம்ப்பா, ஒரேயடியா வர்றாராம்" என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக மேற்கு அறைக்குப் போனவளை நான்தான் தடுத்தேன். அன்றைக்கு என்னோடு கோபித்துக்கொண்டு போனவள் மூன்று நாளாகச் சோறு மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். உன்னால் இந்த வீட்டில் பேச்சு நின்றுபோவது இது முதல் தடவை அல்ல.

இதை உனக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஊரறிய அச்சில் வரட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீ என்னைப் பற்றிச் சபையில் பேசினாய். சபையில் பேசப்பட்டவனுக்குச் சபையிலேயே பதில் சொல்லும் உரிமை உண்டு. நீ ஆங்கிலத்தில் பேசினாய், நான் தமிழில் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் பேச்சு என்று கேட்பாய். போன வருடம் குட்டப்பன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குட்டப்பன் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அண்ணே, இங்க பாருங்க, உங்க மோன்! என்னமோ பறையுது, எல்லாரும் சிரிக்குது" என்றான். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு நீ ஒரு பெரிய மண்டபத்தில் நிற்கிறாய். எதிரே வெள்ளைக்காரர்களும் சீனர்களும் நம் ஆட்களுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீ சொல்கிறாய்: என் அப்பா ஏலக்காய் விவசாயி. ஒரு மழைக்காலத்தில் வெளுத்த காயை மூட்டையின் அடியில் போட்டு, மேலே பச்சைக் காயைப் போட்டார். வாங்குகிறவரின் கை முழங்கை வரைதான் போகும் என்று அவருக்குத் தெரியும். அடியில் ஏன் வெளுத்ததைப் போடுகிறாய் என்று கேட்டேன், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். நண்பர்களே, முழங்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் என் முப்பது வருடம் போனது. இவ்வளவுதான் நீ சொன்னது. மண்டபம் சிரித்தது. கைதட்டினார்கள். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. குட்டப்பன் மட்டும், அவனுக்கு ஆங்கிலம் தெரியாது, "என்னண்ணே சொன்னான், நல்லதா?" என்று கேட்டான். "நல்லதுதான்" என்றேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியும். ஒருவன் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையோடு நான் வீட்டுக்கு ஏறி வந்தேன்.

நீ சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். அது நடந்தது. அந்த வருடம் ஆடியில் பிடித்த மழை நாற்பது நாள் விடவில்லை. காயை உலர்த்தும் ஸ்டோரின் கூரை ஒழுகியது. விறகு நனைந்து, அடுப்பில் சூடு ஏறவில்லை. புகையில் கிடந்த காய் பச்சை போய் வெளுத்து, பாதி வெடித்தும் போனது. ஒரு எடுப்பில் பறித்த காய் முழுவதும் அப்படியே வீணாகப் போனது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. காலி மூட்டையில் முதலில் வெளுத்த காயைக் கொட்டினேன். என் கையை உள்ளே விட்டு அளந்து பார்த்தேன். வாங்குகிற ராவுத்தர் என்னைவிடக் குட்டையானவர், அவர் கை எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஒரு சாண் கீழே வரைக்கும் வெளுத்ததை நிரப்பினேன். மேலே நல்ல காய். மூட்டையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது நீ. உனக்குப் பத்து வயது. "ஏம்ப்பா, வெளுத்த காய அடியில போடுற?" என்று கேட்டாய். "அங்க எவன்டா பாக்கப் போறான், பிடி ஒழுங்கா" என்றேன். நீ ஒழுங்காகப் பிடித்தாய். மண்டபத்தில் அதைச் சொல்லவில்லையே? மூட்டையின் வாயைப் பிடித்த கை யாருடையது என்று? நான் செய்த குற்றத்தில் உன்னைச் சேர்த்துக்கொண்டதுதான் என் பெரிய குற்றம். அதை நீ விட்டுவிட்டாய். என்னைக் காப்பாற்ற விட்டாயா, உன்னைக் காப்பாற்ற விட்டாயா என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் நீ சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி உனக்குத் தெரியும், அதில் பாதி நாள் நீ கூடவே இருந்தாய். அதைச் சொல்லாமல் விட்டதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த இன்னொன்றையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். என்னுடையதை மறைத்துக்கொண்டு உன்னுடையதை மட்டும் பேசினால் நானும் உன்னைப்போல் ஆகிவிடுவேன்.

கடற்கரையோரமாக அந்தப் பெரிய அரசாங்க நிறுவனத்தில் உனக்கு வேலை கிடைத்தபோது, உன்னைப் பற்றி விசாரிக்க ஒரு சாதாரண உடைப் போலீஸ்காரர் நம் ஊர் சக்குபள்ளத்துக்கே வந்தார். உன் அம்மா அவருக்கு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. என் மகன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், சொல்லக்கூடாது, ரகசியம் என்று சொல்லிச் சொல்லியே ஊர் முழுக்கத் தெரியவைத்தேன். பிறகு நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த செய்தி வந்தது. நான் என்ன செய்தேன் என்று உனக்கு வசந்தா எழுதியிருப்பாள். வண்டன்மேட்டிலிருந்து இரண்டு பெட்டி லட்டு வாங்கிவந்து, ஜீப் நிற்கும் இடத்தில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "என் மகன் செஞ்சது, என் மகன் செஞ்சது" என்று சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் நீ டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டாய். "அப்பா, இனிப்புக் குடுத்தீங்களாமே" என்றாய். "ஆமடா, இன்னும் ரெண்டு பெட்டி சொல்லியிருக்கேன்" என்றேன். "எனக்குச் சந்தோஷமா இல்லப்பா. நான் இந்த வேலைய விட்டுர்றேன்" என்றாய். "விட்டுட்டு?" என்றேன். "இதையெல்லாம் எண்ணி, குறைச்சு, கடைசியில இல்லாம ஆக்குற வேலைன்னு வெளிநாட்டுல ஒண்ணு இருக்கு. அதுக்குப் போறேன்" என்றாய். நான் உன்னிடம் பேசிய கடைசிச் சொல், "அப்ப போ." அதற்கப்புறம் நான்கு வருடம் உன்னோடு பேசவில்லை.

நான்கு வருடம் பேசாமல் இருந்தது தப்பு. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு வருடத்தில் நான் சும்மா இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ எழுதிய ஒரு கட்டுரையை வசந்தாவிடம் சொல்லி வரவழைத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். உர மூட்டையிலும் மருந்து டப்பாவிலும் இருந்த எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் கற்றுக்கொண்டவன். கட்டப்பனையில் ஒரு அகராதி வாங்கி, பக்கத்துக்கு ஒரு வாரம் என்று இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைப் படித்தேன். கணக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை. விஷயம் புரிந்தது. ஒரு நாடு மூடிய பெட்டியைக் கொண்டுவந்து, இதற்குள் இருப்பது ஒரு குண்டின் தலை, இதை உடைக்கப் போகிறோம், எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறது. இன்னொரு நாடு, பெட்டியைத் திற, பார்க்கவேண்டும் என்கிறது. திறந்தால் குண்டு எப்படிச் செய்தார்கள் என்ற ரகசியம் வெளியே போய்விடும், திறக்கமாட்டோம் என்கிறது முதல் நாடு. திறக்காவிட்டால் உள்ளே வெறும் இரும்பைக்கூட வைத்திருக்கலாம். அதனால் நீ பெட்டியைத் திறக்காமல், வெளியே ஒரு கருவியை வைத்து, உள்ளேயிருந்து வருகிற நியூட்ரான்களை எண்ணி, இருப்பது நிஜமா பொய்யா என்று மட்டும் சொல்கிறாய். வேறு எதுவும் சொல்லக்கூடாது. கருவிக்கும் அதற்குமேல் தெரியக்கூடாது. இதைப் படித்து முடித்த அன்று அகராதியை மூடிவிட்டு நான் வெளியே போய் ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்றேன். இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவோடு பூத்துக்கு வந்து, ரிசீவரை வாங்கி, "சாப்டியா?" என்று கேட்டேனே, அது இதனால்தான். உனக்குத் திடீரென்று அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைப்பு. மனசு இளகவில்லை. உன் கட்டுரையைப் படித்து முடித்திருந்தேன்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. "ஏன்டா, அங்க நீ என்ன வேல பாக்குற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "எண்ணுற வேலைம்மா" என்று சொன்னாயாம். அவளுக்கு அது போதும். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் யார் கேட்டாலும், "என் மகன் எண்ணுறான்" என்பாள். "எதை எண்ணுறான்?" என்றால், "அது அவனுக்குத்தான் தெரியும், முடிச்சுட்டு வருவான்" என்பாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறேன் என்பாய், ஏதாவது ஒரு நாட்டில் ஒரு கூட்டம் வந்துவிடும். மேற்கு அறையில் அவள் போர்வையை வெயிலில் காயவைத்து மடித்து வைப்பாள், மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் எடுத்துக் காயவைப்பாள். அவள் போன அன்று, போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும் என்கிற ஏதோ ஒரு கட்டடத்துக்குள் நீ இருந்தாய். வசந்தா பதினேழு தடவை கூப்பிட்டாள். மழை வேறு. ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தோம். அதற்குமேல் முடியவில்லை. கொள்ளியை நான் வைத்தேன். மகன் இருக்கிற வீட்டில் புருஷன் கொள்ளி வைத்தான் என்று கம்பத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பஸ் ஏறும்வரை பேசினார்கள். நீ மூன்றாம் நாள் வந்தாய். ஈரத் தலையோடு அந்த இடத்தில் போய் நின்றாய். நான் உன்னைத் தொடவில்லை. தொட்டிருக்கவேண்டும். தொடவில்லை.

இப்போது மீதிப் பாதிக் கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நீ மறந்தவன்போல் இருப்பதால் எழுதுகிறேன். அடியில் வெளுத்ததைப் போட்ட அந்த மூட்டை ராவுத்தரிடம் விலைபோனது. அடுத்த வாரம் நானும் நீயும் வண்டன்மேட்டுச் சந்தைக்கு இன்னொரு மூட்டையோடு போனோம். ராவுத்தர் ஒன்றும் திட்டவில்லை. பழைய தார்ப்பாய் ஒன்றை எடுத்துக் கடை முன்னால் விரித்தார். "கொட்டுப்பா" என்றார்.

"என்ன ராவுத்தரய்யா, கைய விட்டுப் பாருங்க" என்றேன்.

"என் கை குட்டக் கை. எட்டாது. கொட்டு."

சந்தையே நின்று பார்த்தது. உலர்ந்த ஏலக்காயை அப்படிக் கொட்டமாட்டார்கள். ஒன்றோடொன்று உரசினால் நிறம் மங்கும், வால் ஒடியும், தரம் இறங்கும். மற்றவர்கள் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். என் மூட்டையை மட்டும் கடைசிக் காய் வரைக்கும் கொட்டி, குனிந்து பரப்பிப் பார்த்துவிட்டு, "சரி, அள்ளு" என்றார். நாம் இரண்டு பேரும் மண்டியிட்டு அள்ளினோம். யாரோ ஒருவன், "என்னப்பா, அடியில தங்கமா வச்சிருக்க?" என்றான். உன் காது சிவந்ததைப் பார்த்தேன். என்னுடையதும் சிவந்திருக்கும். வேறு வியாபாரிகளிடம் கொண்டுபோனேன். சேதி எனக்கு முன்னால் போயிருந்தது. அவர்களும் கொட்டு என்றார்கள். அவமானப்படுவது என்றால் ஒரே இடத்தில் படுவோம் என்று ராவுத்தரிடமே திரும்பி வந்தேன்.

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு கொட்டினேன். பிறகு ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நான் கொட்டுறேன். நீங்க உங்க எடைக்கல்லக் கவுத்துக் காட்டுங்க" என்றேன். எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, அரசாங்க முத்திரை குத்தியிருப்பார்கள். முத்திரையைத் தோண்டிவிட்டு அதிகமாக ஈயம் ஊற்றினால், ஒரு கிலோக் கல் என் காயை ஒரு கிலோவுக்குமேல் விழுங்கும். ராவுத்தருக்கு முகம் கறுத்துப்போனது. "எங்க வாப்பா காலத்துல இருந்து இந்தச் சந்தையில உக்காந்திருக்கேன். என்னையவா கேக்குற?" என்றார். "எங்கப்பா காலத்துல இருந்து நானும் இந்த மலையிலதான் காய் எடுக்கேன். என்னைய நீங்க கேக்கலயா?" என்றேன். மூன்று வாரம் என் காயை வாங்கவில்லை. நான்காவது வாரம், நான் தார்ப்பாயில் கொட்டி முடித்ததும், எடைக்கற்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். ஒரு கல்லில் முத்திரை இல்லை. அதைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த சாக்கில் போட்டார். அடுத்த சந்தைக்குப் புதுக் கல் வந்தது.

அப்புறம் இருபது வருடம் அப்படியே நடந்தது. நான் கொட்டுவேன், அவர் கவிழ்ப்பார். நாங்கள் நண்பர்கள் ஆகவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போனதில்லை, நம் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் வியாபாரம் ஒரு நாள் கெடவில்லை. காயில் சாயம் கலக்கிறார்கள் என்று ஒரு வருடம் மலை முழுக்கப் பேச்சுக் கிளம்பி, யார் மூட்டையையும் யாரும் நம்பாமல் சந்தை செத்துக் கிடந்தபோது, என் மூட்டை மட்டும் போனது. ஏனென்றால் வாரா வாரம் அதைத் தரையில் கொட்டி ஊரே பார்த்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அடியில் ஒளித்துவைத்தவனுக்குத்தான் பயம். கொட்டிக் காட்டினவனுக்குப் பயமில்லை. அந்த இருபது வருடத்தில் நான் தூங்கிய தூக்கம் அதற்கு முன்னால் தூங்கியதில்லை. ராவுத்தருக்குக் கண்ணில் பூ விழுந்த பிறகு ஒரு நாள், "போதும்ப்பா, இனிமே கொட்ட வேணாம். நான் உன்னைய நம்புறேன்" என்றார். "நீங்க நம்புறது உங்க பாடு. நான் கொட்டுறது என் பாடு" என்றேன். "திமிரு பிடிச்சவன்யா நீ" என்றார். நான் கொட்டினேன். அவர் கண் தெரியாமலே கல்லைக் கவிழ்த்து, அடியை விரலால் தடவிக் காட்டினார்.

இனி நீ கூட இல்லாத காலத்துக் கதை. ராவுத்தருக்கு முடியாமல் போய், அவர் மகன் கடைக்கு வந்தான். படித்த பையன். "இதென்ன பழைய கூத்து, தார்ப்பாயும் வேண்டாம், கல்லையும் கவுக்கமாட்டோம். அது உங்களுக்கும் வாப்பாவுக்கும் இருந்த பேச்சு. அது முடிஞ்சுபோச்சு" என்றான். எனக்கு அன்றைக்கு அறுபது வயது. என்ன செய்திருப்பாய் நீ? அறையைச் சுத்தம் செய்து வை, வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருப்பாய். நான் வண்டன்மேட்டில் புதிதாக ஒரு தார்ப்பாய் வாங்கினேன். அவன் கடைக்கு எதிரிலேயே விரித்தேன். என் மூட்டையை நானே கொட்டினேன். வாங்க ஆளில்லை, பார்க்க ஆள் இருந்தது. சிரித்தார்கள். "கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று என் காதில் விழவே சொன்னார்கள். அள்ளிக் கட்டி, ஜீப்பில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த வாரமும் கொட்டினேன். அதற்கடுத்த வாரமும். காய் நிறம் மங்கிக்கொண்டே வந்தது. உன் அம்மா, "விக்கவும் மாட்டீங்க, வைக்கவும் மாட்டீங்க, என்ன மனுசன்யா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆறாவது வாரம் வேறு இரண்டு விவசாயிகள் பக்கத்தில் வந்து அவர்கள் மூட்டையையும் என் தார்ப்பாயில் கொட்டினார்கள். ஒன்பதாவது வாரம் ராவுத்தரின் மகன் கடையிலிருந்து இறங்கி வந்தான். கையில் எடைக்கற்கள். என் முகத்தைப் பார்க்காமல், தார்ப்பாயின் ஓரத்தில் அவற்றைக் கவிழ்த்து வைத்தான்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு பெரிய நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, இனி யாரும் யாரையும் எண்ண விடமாட்டார்கள், உன் அலுவலகத்தில் பாதி மேசை காலி, உனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது, போதும், ஊருக்கு வந்து ஏலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏலத்தைப் பார்க்க உன்னால் முடியாது. கவாத்து எப்போது, மருந்து எப்போது என்று உனக்குத் தெரியாது. வேலைக்காரர்கள் உன்னை ஒரே வாரத்தில் ஏமாற்றிவிடுவார்கள். அதைவிடு. யாரும் நம்பவில்லை, அதனால் என் வேலை முடிந்தது என்கிறாயே, அந்த வரியை வசந்தாவைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நம்பிக்கை இருந்தால் உன் வேலை எதற்கடா? நம்பிக்கை இல்லாத இடத்துக்குத்தானே நீ போனாய்? நானும் ராவுத்தரும் ஒருவரையொருவர் நம்பியா இருபது வருடம் வியாபாரம் செய்தோம்?

நீ மண்டபத்தில் நின்று, மனிதர்கள் அடியில் ஒளித்துவைப்பார்கள் என்று மட்டும் சொன்னாய். அதைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கத்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள். கொட்டிக் காட்டினால் தூக்கம் வரும் என்று நீ சொல்லவில்லை. கேட்கிறவனும் தன் கல்லைக் கவிழ்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. பேச்சு முறிந்தபிறகும் ஒருத்தன் தனியாகத் தார்ப்பாய் விரிக்கலாம் என்று சொல்லவில்லை. அது உனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ கேட்டதும் இல்லை. உன் அப்பா மூட்டையின் அடியில் வெளுத்த காயைப் போட்ட திருடன் என்பதோடு உனக்குக் கதை முடிந்துவிட்டது. டீக்கடையில் இருந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அதோடு முடிந்துவிட்டது. இதற்காக நான் உன்னை மன்னிக்கவில்லை. எண்பத்து மூன்று வயதில் இனி மன்னிக்கப் பழகுவேன் என்று எதிர்பார்க்காதே.

கடைசியாக ஒன்று. மூன்று வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் நீ அழுவாய் என்று இல்லை. சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, என்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை என்ற கோபம். கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது உன் அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. வளைவில் ஜீப் குலுங்கியபோது கண்ணைத் திறந்து, "எண்ணி முடிச்சுட்டானான்னு கேளுங்க" என்றாள். "கேக்குறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் உன்னிடம் கேட்கவும் இல்லை.

இப்போது கேட்கிறேன். எண்ணி முடித்துவிட்டாயா? முடித்துவிட்டேன் என்று உன்னால் எழுத முடியுமானால் எழுது, மேற்கு அறையை என் கையால் கூட்டிப் போர்வையைக் காயவைக்கிறேன். முடிக்கவில்லை என்றால் அந்தக் காலி மேசைகளுக்கு நடுவிலேயே உட்கார். யாரும் உன் கருவியைக் கேட்காவிட்டாலும் நீ அதை எடுத்துக்கொண்டு போய், எல்லாரும் பார்க்கிற இடத்தில் விரித்து வை. சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள், நான் செத்துப்போகவில்லை. அடுத்த மண்டபத்தில் மீதிப் பாதிக் கதையையும் சொல். மூட்டையின் வாயைப் பிடித்தது யார் என்பதிலிருந்து தொடங்கு.

இதையெல்லாம் மீறி நீ வருவாய். உன்னை எனக்குத் தெரியும், என் பிடிவாதம்தான் உனக்கும். வந்து நின்றால் கதவைத் திறப்பேன், அது வேறு விஷயம். வசந்தா அழுவாள், குட்டப்பன் ஓடிவருவான், நானும் சாப்பிட்டாயா என்று கேட்பேன். ஆனால் நடுவீட்டில் உன் அம்மாவின் படம் இருக்கிறது. நான் கேட்காமல் விட்டதை அவள் உன்னிடம் கேட்பாள். என்ன பதில் சொல்லப் போகிறாய் என்பதைக் குமுளியில் இறங்கி ஜீப் ஏறும்போதே முடிவு செய்துகொண்டு வா.

உன் அப்பா